மூத்தோர் கைக்கு ஒரு வேலை: சங்கரன்கோவில் வட்டாரத்தில் முதுமையின் அழகும் பயனும்

கேள்வியும் களமும்

முதுமை பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு தடங்களில் ஒன்றைப் பிடித்துப் போகின்றன. ஒன்று இரங்கல்: கூட்டுக்குடும்பம் சிதைந்தது, பெரியவர்களுக்கு இருந்த மரியாதை போயிற்று, முதியோர் இல்லங்கள் பெருகிவிட்டன. மற்றொன்று ஊக்கம்: நடைப்பயிற்சி, யோகா, தல யாத்திரை, மனத்தை இளமையாக வைத்துக்கொள்ளும் வழிகள். முதலாவது, கடந்த காலத்தைப் பொற்காலமாக்கிவிடுகிறது. இரண்டாவது, ஓய்வூதியமும் சேமிப்பும் உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. எழுபது வயதிலும் பருத்திக்காட்டுக்குக் களையெடுக்கப் போகிறவர்கள் இந்த இரண்டுக்குள்ளும் அடங்குவதில்லை. இவ்வட்டாரத்து முதியோரில் அப்படிப்பட்டவர்கள் பலர்.

முதுமைக்கு அழகும் பயனும் எங்கிருந்து வருகின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இளையோர் தரும் மரியாதையிலிருந்து வருகின்றன என்பது வழக்கமான விடை. மரியாதை பின்னால் வந்து சேர்வது என்றே நான் கருதுகிறேன். வீடோ ஊரோ மூத்தோர் கைக்கென்று விட்டுவைத்த ஒரு வேலை வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்கக் காது வேண்டும். அவர்கள் பெயரில் ஏதேனும் ஒரு பொருள் இருக்க வேண்டும். இவை இருந்த இடங்களில் மரியாதை கேட்காமலே கிடைத்திருக்கிறது. இல்லாத இடங்களில், பெரியோரைப் பேணச் சொல்லும் நீதிநூல்கள் எத்தனை இருந்தும் பயன்படவில்லை.

களமாகச் சங்கரன்கோவிலையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொள்கிறேன். 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர், அதற்கு முன் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் போனால் கரிசல். மேற்கே போகப் போகச் செம்மண், அப்புறம் மலை. ஊருக்குள் சங்கரநாராயணர் கோயில், தறிகள், பூச்சந்தை. சுற்றியுள்ள ஊர்களில் பீடியும் தீப்பெட்டியும். விதவிதமான வேலைகள் இருப்பதால், விதவிதமான முதுமைகளையும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

இந்தக் கேள்வி இன்று அவசரமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் பத்தைத் தாண்டியிருந்தது. அரசின் கணிப்புகளின்படி 2031இல் தமிழ்நாட்டில் இந்த விகிதம் 18 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். கேரளத்துக்கு அடுத்தபடியாக வேகமாக மூத்துவரும் மாநிலம் இது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போன தென் மாவட்டங்களில், மாநில சராசரி காட்டுவதைவிடத் தெருக்கள் மூத்தே தெரிகின்றன.

பழம்பாடல்களின் சாட்சியம்

முற்காலத்தில் முதியோருக்குக் குறையாத மதிப்பு இருந்தது என்பதை முதலில் சோதிக்க வேண்டும். புறநானூற்றின் மூன்று பாடல்கள் போதும்.

243ஆம் பாடலைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார் ஒரு கிழவர். பெண்பிள்ளைகளோடு கைகோத்து ஆடியதையும், மருத மரத்துக் கிளையில் ஏறி ஆழமான மடுவில் கரையில் நின்றவர்கள் திகைக்கக் குதித்து, அடிமணலை அள்ளிக் காட்டியதையும் நினைத்துப் பார்க்கிறார். இப்போது தடியூன்றி நடக்கிறார். இருமலுக்கு நடுவே சில சொற்கள்தாம் வருகின்றன. அந்த இளமை எங்கே போயிற்று என்று கேட்கிறார். அவரை யாரும் அவமதித்ததாகப் பாட்டில் இல்லை. உடம்பு தளர்ந்த துயரம் மட்டுமே இருக்கிறது. எந்த மரியாதையாலும் தீராத துயரம் அது.

195ஆம் பாடல் வேறு மாதிரி. நரிவெரூஉத்தலையார், மீன் முள்போல நரைத்த முடியும் திரைந்த கன்னமும் கொண்ட பெரியவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, பயனற்ற மூப்பு என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார். நல்லது செய்ய முடியாவிட்டாலும் அல்லது செய்வதையாவது விடுங்கள் என்பதே அவர் கேட்பது. நரைத்தாலே சான்றோர் ஆகிவிடலாம் என்பதை ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தக் குரல் ஏற்கவில்லை.

191ஆம் பாடல்தான் நம் கேள்விக்கு மிக நெருங்கி வருகிறது. ஆண்டு பலவாகியும் நரைக்காமல் இருப்பது எப்படி என்று கேட்டவர்களுக்குப் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் தரும் விடை அது. அவர் தம் உடம்பைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ உணவைப் பற்றியோ பேசவே இல்லை. மாட்சி உள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத வேந்தன், இவற்றுக்கும் மேலாக ஊர் நிறையச் சான்றோர் என்று அடுக்குகிறார். அத்தனையும் அவருக்கு வெளியே இருப்பவை. அழகாக மூப்பது தனி மனிதரின் சாதனை என்று அவர் எண்ணவில்லை. வீடு, அரசு, ஊர் மூன்றும் சேர்ந்து ஒருவரை அப்படி மூப்படையவிட வேண்டும். முதுமை பற்றித் தமிழில் உள்ள மிகத் தெளிவான சமூகப் பார்வை இதுவே என்பது என் கணிப்பு. ஆனால் பள்ளிகளில் இதைக் கவலையில்லாத மனத்தின் சிறப்பாகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம்.

மூன்று பாடல்கள், மூன்று நிலைகள்: இழப்பு, பழிப்பு, நிறைவு. ஒரே தொகையில் மூன்றும் இருக்கும்போது, முற்காலம் முழுவதும் முதியோரைத் தலைமேல் வைத்திருந்தது என்பதற்கு இலக்கியச் சான்று போதாது.

ஆய்வாளர்கள் வைத்த விடைகள்

மேலை நாட்டுச் சமூகவியலில் இதே கேள்வி வேறு கோலத்தில் எழுந்தது. 1961இல் அமெரிக்காவின் எலைன் கம்மிங்கும் வில்லியம் ஹென்றியும், முதியோர் மெல்ல மெல்லச் சமூகத்திலிருந்து விலகுவதும் சமூகம் அவர்களை விடுவிப்பதும் இருதரப்புக்கும் இயல்பானவை என்று வாதிட்டார்கள். தொடர்ந்து ஈடுபட்டிருப்பதே நிறைவு தரும் என்பது எதிர்க்கட்சி. 1970இல் முதுமை பற்றிப் பெரும் நூல் எழுதிய சிமோன் த போவுவார் கேள்வியையே மாற்றினார்: விலகுவதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி யாருக்கு இருக்கிறது? உழைத்துத் தேய்ந்தவர்களை ஒரு சமூகம் கடைசியில் எப்படி வைத்திருக்கிறது என்பதில் அந்தச் சமூகத்தின் யோக்கியதை முழுவதும் தெரிந்துவிடும் என்பது அவர் வாதம்.

நமக்கு இன்னும் அருகில் இருப்பவை, சென்னைக் குடிசைப் பகுதிகளிலும் மேற்குத் தமிழகக் கிராமங்களிலும் நெடுநாள் களப்பணி செய்த மானிடவியலாளர் பென்னி வேரா-சான்சோவின் கட்டுரைகள். பிள்ளைகள் பெற்றோரைத் தாங்குகிறார்கள் என்ற பொதுக் கருத்தை அவர் புரட்டிப் போட்டார். ஏழைக் குடும்பங்களில் பல நேரம் முதியவர்களே பிள்ளைகளைத் தாங்குகிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி வைக்கும் பாட்டி இருப்பதால்தான் மருமகள் கூலிக்குப் போக முடிகிறது. அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால் அவர் சார்ந்து வாழ்பவர் என்றே பதிவாகிறார். சங்கரன்கோவில் பக்கத்துத் தெருக்களில் காலை எட்டு மணிக்கு நின்று பார்ப்பவர்கள் இந்த முடிவோடு மாறுபட மாட்டார்கள். வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் புறப்பட்ட பிறகு, வாசல்தோறும் ஒரு பாட்டியும் ஒரு குழந்தையும்தான் மிஞ்சியிருப்பார்கள்.

தார் சுற்றும் கை

கைத்தறி வீட்டில் வேலை வயதுக்கு ஏற்றபடி பிரிந்திருந்தது. குழித்தறியில் கால் மிதித்து நெய்ய வலுவுள்ள உடம்பு வேண்டும். பாவு ஓட்டவும் பசை போடவும் தெருவே கூட வேண்டும். தார் சுற்றுவது, அதாவது ஊடைநூலைக் குச்சியில் ஏற்றுவது, மட்டும் பெரும்பாலும் வீட்டில் மூத்தவர்கள் கைக்குப் போனது. சிட்ட நூலைப் பரிவட்டத்தில் மாட்டி, ராட்டையை வலது கையால் சுற்றியபடி, இடது கைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நூலை ஓடவிட்டு, சிறு குச்சியில் ஏற்ற வேண்டும். விரல் தளர்ந்தால் தார் பொதபொதவென்று உப்பும். நாடாவுக்குள் போட்டால் சிக்கும். விரல் இறுகினால் நூல் அறும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பல வருஷம் ஓடிய நூல்தான் அதை விரலுக்குச் சொல்லித் தந்திருக்கும். பார்வை மங்கிய பிறகும் இந்த வேலையைச் செய்ய முடிந்ததற்கு அதுவே காரணம். அறுந்த நுனிகளைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவதும் தொட்டுணர்ந்து செய்வதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தார் தீர்ந்தால் தறி நிற்கும். ‘தார் ஆச்சா?’ என்று தறிக்குழியிலிருந்து மகன் குரல் கொடுக்கும்போது, தாயின் வேலைக்காக அவன் காத்திருக்கிறான். அன்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் காத்திருப்பு நடந்தே தீரும். மூத்தவர்களுக்கு அந்த வீட்டில் இருந்த இடம் இப்படி உற்பத்தியின் ஒழுங்கிலேயே பதிந்திருந்தது.

விசைத்தறி வந்தபோது இந்த ஒழுங்கு கலைந்தது. தறி வீட்டை விட்டுக் கொட்டகைக்குப் போயிற்று. தார் சுற்ற மோட்டார் மெஷின் வந்தது. விசைத்தறியால் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. குழித்தறியில் வளைந்த முதுகுகளை அறிந்த எவரும் பழைய நாளுக்கு ஏங்க மாட்டார்கள். என் கவனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கூலி, விலை, மின்கட்டணம் எல்லாம் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தன. வீட்டு மூத்தோர் கையிலிருந்து ஒரு வேலை போனது மட்டும் எந்த மேசைக்கும் வரவில்லை.

பீடியின் கதை கொஞ்சம் மாறுபட்டது. இலை வெட்டுவதும் சுற்றுவதும் இன்னும் வீட்டுத் திண்ணையில் நடக்கின்றன. வயதான பெண்கள் பலர் கண் தெரியும் வரை சுற்றுகிறார்கள். ஆனால் புகையிலைத் தூள் நெஞ்சில் சேர்ந்துகொண்டே போகிறது. அது வயிற்றுப்பாட்டுக்கான வேலை. அதற்கு அழகு கற்பிப்பது அநியாயம். முதுமையில் வேலை இருந்தால் போதும் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தார் சுற்றிய கைக்கும் பீடி சுற்றும் கைக்கும் வேறுபாடு உண்டு. முன்னது தன் திறத்தால் வீட்டின் உழைப்பில் ஒரு கண்ணியாக இருந்தது. பின்னது வாரக் கணக்கில் எண்ணிக்கை காட்ட வேண்டிய கை.

பாம்படம்: அழகும் சொத்தும்

முதுமையின் அழகைப் பற்றிப் பேச இவ்வட்டாரத்தில் ஒரு பருப்பொருளே இருந்தது. சிறு வயதிலேயே காது வளர்த்து, தோள்வரை வடிந்த காதில் பாம்படமும் தண்டட்டியும் போட்ட பாட்டிகளைத் தென் மாவட்டங்களில் அண்மைக்காலம் வரை பார்க்க முடிந்தது. பொன்தகட்டை உருண்டையும் சதுரமும் பட்டையுமாக வளைத்து, உள்ளே அரக்கு நிரப்பிச் செய்த நகை அது. தலை அசையும்போது காதும் சேர்ந்து ஆடும். பாட்டி மடியில் படுத்த குழந்தையின் கை முதலில் அங்கேதான் போகும்.

வடிந்த காது ஒரு நாளில் வருவதில்லை. காலம் இழைத்து இழைத்துத்தான் வரும். இளமையைத் தக்கவைப்பதே அழகு என்ற எண்ணத்துக்கு நேர் எதிராக, வயது கூடக் கூடத் தோற்றம் நிறைவு பெறும் ஓர் அழகுமுறை இங்கே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பள்ளிக்கூடம் போன பெண்கள் வளர்ந்த காதை அறுத்துத் தைத்துக் கம்மல் போட்டுக்கொண்டார்கள். அது அவர்களுக்கு விடுதலையாகவே இருந்திருக்கும். சின்னக் குழந்தையின் காதைத் துளைத்துக் கனம் தொங்கவிட்ட வலியை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் பாம்படத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அது அந்தப் பெண்ணின் சொத்து. நிலம் ஆண்கள் பெயரில் இருந்த ஊர்களில், அவள் உடம்போடு இருந்த தங்கம் மட்டும் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அடகு வைக்கலாம், பேத்தி கல்யாணத்துக்கு உருக்கலாம், கடைசியில் யாருக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம். 2023இல் வந்த ‘தண்டட்டி’ திரைப்படம் இழவு வீட்டில் காணாமல் போன தண்டட்டியைச் சுற்றியே நகர்வது தற்செயல் இல்லை; ஊர் அறிந்த சண்டை அது. பாட்டியின் அழகும் அவள் வாக்கின் கனமும் ஒரே காதில் தொங்கின. அழகு மட்டும் தனியே இருந்திருந்தால் இவ்வளவு தலைமுறை மதிப்போடு நீடித்திருக்குமா என்பது ஐயமே.

நோன்பும் ஆடிச்சுற்றும்

நெல்லை, குமரி வட்டாரங்களில் ஔவை நோன்பு பெண்களுக்கு மட்டுமே உரியது. ‘அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி’ என்று சொல்லி, இம்மாதங்களின் செவ்வாய் இரவுகளில் கூடுவார்கள். ஆண்கள், ஆண் குழந்தைகள்கூட, அந்த வீட்டில் இருக்கக் கூடாது. பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை பிடித்து அவித்து, விடிவதற்குள் உண்டு முடித்து, மிச்சத்தை நீரில் கரைத்துவிடுவார்கள். இந்த நோன்பின் மையம் கதை. வயதில் மூத்த பெண் ஒருவர் ஔவையின் கதையைச் சொல்ல, மற்றவர்கள் கேட்க வேண்டும். புத்தகம் பார்த்துப் படிக்கும் கதை இல்லை அது. முன்னொருத்தி சொல்லக் கேட்டவள்தான் சொல்ல முடியும். முதுமை இங்கே ஒரு தகுதி.

ஔவையே முதுமையை வரமாகக் கேட்டவள் என்பது மக்கள் வழக்கில் உள்ள கதை. மணம் பேசி வந்தவர்களிடமிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் இளமையை எடுத்துக்கொள்ளச் சொன்னாளாம். பல ஔவைகள் இருந்தார்கள் என்பது ஆராய்ச்சி முடிவு. மக்கள் மனத்திலோ ஒரே ஒரு கிழவிதான் இருக்கிறாள். 1953இல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் தந்த உருவம் அதை இன்னும் உறுதியாக்கியது. அறிவின் குரலுக்கு ஒரு மூதாட்டியின் உருவத்தை நிலைநிறுத்திய மொழி நம்முடையது. ஆனால் ஒன்றையும் கவனிக்க வேண்டும்: ஒரு பெண் ஊர் ஊராக நடக்கவும், அரசவையில் பேசவும் முதலில் கிழவியாக வேண்டியிருந்தது. ஔவையின் முதுமை வரமாகத் தோன்றுவதற்கு, இளம்பெண்களுக்கு இருந்த அடைப்பும் ஒரு காரணம்.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவிலும் இதை ஒட்டிய ஒன்று நிகழ்கிறது. சிவனும் திருமாலும் ஒன்றே என்று காண வேண்டிக் கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் இருந்ததாகத் தலபுராணம். கொடியேறிய நாளிலிருந்து பக்தர்கள் கோயிலை நூற்றெட்டு முறையும் அதற்கு மேலும் சுற்றுகிறார்கள். இதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். சுற்றுகிறவர்களில் வயதான பெண்கள் நிறையப் பேர். ஒற்றைக்காலில் நிற்கும் அம்மனின் கால்வலியைச் சுற்றுகிறவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மூட்டுவலியோடு நடக்கும் ஒருவருக்கு இந்த நம்பிக்கை தருவது என்ன? அவர் வலி யாரும் கேட்காத புலம்பலாக இருந்தது. இந்த நாட்களில் அது இன்னொருத்தியின் வலியைப் பங்கிடும் செயலாகிறது. மருத்துவம் இதைத் தராது. மருத்துவத்துக்கு இது மாற்றும் ஆகாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எதிர்ச்சான்று: தலைக்கூத்தல்

இதுவரை சொன்னவை ஒரு பக்கம். இதே நிலப்பரப்பில், வடக்கே விருதுநகர் மாவட்டத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும், படுத்த படுக்கையான முதியவர்களுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் தலைக்கூத்தல் இருந்தது. 2010இல் நாளிதழ்கள் இதை வெளிக்கொண்டுவந்த பிறகு பொது விவாதமாயிற்று. பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ இதைப் பற்றியது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. 2019இல் வந்த மதுமிதாவின் ‘கே.டி. (எ) கருப்புதுரை’ படத்தில் மு. ராமசாமி நடித்த கிழவர், தமக்கு நாள் குறிக்கப்படுவதைக் கேட்டு வீட்டை விட்டு ஓடுகிறார்.

இதை விளக்க இரண்டு வாதங்கள் வைக்கப்படுகின்றன. நாள்பட்ட வேதனையிலிருந்து விடுவிக்கும் கருணை வழக்கம் என்பது ஒன்று. சொத்துக்காகச் செய்யும் கொலை என்பது மற்றொன்று. சட்டத்தின் முன் இது கொலைதான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கருணை என்ற வாதம், சாகிறவரின் விருப்பத்தை யாரும் கேட்காததால் அங்கேயே விழுந்துவிடுகிறது. ஆனால் இரு வாதங்களும் ஒரு நடைமுறை உண்மையைத் தவறவிடுகின்றன. படுக்கைப்புண் துடைத்து, மலம் எடுத்து, இரவெல்லாம் விழித்திருக்கும் வேலை பெரும்பாலும் ஒரு பெண்ணின் மேல் விழுகிறது. அவள் ஒரு நாள் கூலியை விட்டால் வீட்டில் அடுப்பெரியாது. உதவிக்கு ஒரு செவிலியரோ வலி குறைக்கும் மருந்தோ அந்த வாசலுக்கு வந்ததில்லை.

என் வாதத்தைத் தலைக்கூத்தல் கடுமையாகச் சோதிக்கிறது. மூத்தோரின் இடம் அவர்கள் செய்யும் வேலையில் இருக்கிறது என்றால், எதுவும் செய்ய முடியாதவர்களுக்கு இடமே இல்லையா? இதற்கு வேலை என்ற அளவுகோலால் விடை சொல்ல முடியாது. பயன் தீர்ந்த உடம்பைப் பேணுவது ஊரின், அரசின் கடமை. அது குடும்பத்தின் அன்புக்கு விட்டுவிடக்கூடிய பொருளே இல்லை. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்க மருத்துவர் வ.செ. நடராசன் முன்னின்றபோது, நாட்டில் அப்படி வேறொன்று இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வீட்டுக்கே வந்து மருந்து கொடுப்பதோடு வலிநிவாரணப் பராமரிப்பையும் இயன்முறைச் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டது. தலைக்கூத்தலுக்கு எதிராகச் செய்யப்பட்ட பிரசாரம் அனைத்தையும்விட, படுக்கையில் கிடப்பவரின் வாசலுக்கு ஒரு செவிலியர் தவறாமல் வருவது வலிமையான தடுப்பு என்று நம்புகிறேன்.

அரசின் கண்ணில் முதியவர்

1962இல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011இல் 1,000 ரூபாயும் 2023இல் 1,200 ரூபாயும் ஆனது. இதில் ஒன்றிய அரசின் பங்கு எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 200 ரூபாய், அதற்கு மேல் 500. தொகை சிறிது, விளைவு சிறிதல்ல. பேரனுக்கு ஐந்து ரூபாய் மிட்டாய் வாங்கித் தரவும், தன் மாத்திரைக்கு மகனிடம் கை நீட்டாமல் இருக்கவும் முடிவது பாம்படத்தின் இடத்தில் வந்த ஒரு புதிய சொத்து. 2005ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நூறு நாள் வேலையில் வயது உச்சவரம்பு இல்லாததும் இதே வகையில் உதவியது. கண்மாய்க் கரையில் மம்பட்டி பிடித்தவர்களில் மூத்த பெண்களே மிகுதி. அங்கே கூலியோடு கூட்டும் கிடைத்தது. தனியே வீட்டில் கிடந்தவர்கள் ஒரு மர நிழலில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

என்றாலும் உதவித்தொகை கேட்டு வருபவர் தம்மை ஆதரவற்றவர் என்று நிறுவ வேண்டியிருக்கிறது. மகன் இருக்கிறானா, நிலம் இருக்கிறதா, என்னென்ன இல்லை என்றே கேள்விகள் போகின்றன. வாழ்நாள் முழுவதும் உழைத்ததற்குப் படிவத்தில் இடம் கிடையாது. பணத்தைப் பெறும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. கைரேகை பதியும் சிறு கருவியில் கட்டைவிரலை வைத்தால், நூலும் இலையும் மண்ணும் தேய்த்துத் தேய்த்து ரேகை போயிருக்கிறது, கருவி ஏற்பதில்லை. விரலைப் புடவையில் துடைத்து மறுபடி வைக்கிறார்கள், அடுத்த விரலை வைக்கிறார்கள், எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் வருகிறார்கள். எந்த உழைப்பால் உரிமை வந்ததோ அந்த உழைப்பே அடையாளத்தை அழித்திருக்கிறது. இது கருவியின் சிறு குறையாகப் பேசப்படுகிறது. உடலுழைப்பில் மூத்தவர்களை நினைத்து அந்த ஏற்பாடு செய்யப்படவில்லை என்பதே இதன் பொருள்.

இடைசெவல்காரர்: ஒரு நியமனம்

கரிசலிலிருந்து வந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் முதுமையை நெருங்கிப் பார்த்தால், தொடக்கத்தில் சொன்ன வேலை, கேட்கும் காது, தம் பெயரில் ஒரு பொருள் ஆகிய மூன்றும் ஒரே வாழ்வில் கூடியதைக் காணலாம். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் அவர் ஊர். பள்ளிப்படிப்பு நடுவிலேயே நின்றது. இளம் வயதில் காசநோய் கண்டது. விவசாயம் பார்த்தார், சங்கீதம் கற்றார், பொதுவுடைமை இயக்கத்தில் சிறை சென்றார். எழுத வந்ததே முப்பது வயதைக் கடந்த பிறகுதான். அதே ஊரில் பிறந்த நண்பர் கு. அழகிரிசாமி 1970இல், ஐம்பது நிறையுமுன் மறைந்தார். கி.ரா.வோ நூறை நெருங்கி, 2021 மே 17 அன்று புதுச்சேரியில் மறைந்தார்.

1976இல் வந்த ‘கோபல்ல கிராம’த்தில் ஊரின் வரலாறு முழுவதும் நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாளின் வாய்வழியாகவே வருகிறது. ஆந்திரத்திலிருந்து தப்பி வந்த கதையை அந்தப் பூட்டி சொல்ல, வீடே உட்கார்ந்து கேட்கிறது. பூட்டி இல்லையென்றால் அந்த ஊருக்கு நேற்று இல்லை. 1982இல் வந்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியும் அப்படித்தான்; சம்சாரிகளின் வாயிலிருந்து வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கியது. அவர் தொகுத்த நூற்றுக்கணக்கான நாட்டுப்புறக் கதைகளின் மூலமும் மூத்தோர் வாய்தான். யாரும் கேட்காத ஆட்களிடம் போய் உட்கார்ந்து கேட்டதே அவர் முறை.

1989இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்புப் பேராசிரியராக அழைத்தது. பிறர் ஓய்வுபெறும் வயதைக் கடந்திருந்தவர், பட்டம் எதுவும் இல்லாதவர். நாட்டுப்புற வழக்காறுகளைச் சேகரிக்கும் பணி அவரிடம் தரப்பட்டது. மாணவர்கள் அவரிடம் கற்றார்கள். 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதன்பின் முப்பது ஆண்டு எழுதினார். ‘மிச்சக் கதைகள்’ அவர் மறைந்த ஆண்டில் வந்த நூல். அரசு மரியாதையோடு இடைசெவலில் அடக்கம் நடந்தது.

இந்த வாழ்வைத் தனி மனித மேதைமையின் வெற்றியாகச் சொல்வது எளிது. பிசிராந்தையார் அடுக்கியதைப்போல இதையும் அடுக்கிப் பார்க்கலாம். ஒரு பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது. பதிப்பாளர்கள் கையெழுத்துப் பிரதிக்காகக் காத்திருந்தார்கள். வாசகர்கள் கடிதம் எழுதினார்கள், வீடு தேடி வந்தார்கள். 1954இல் மணந்து 2019இல் மறையும் வரை கணவதி அம்மாள் அந்த வீட்டை நடத்தினார். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டது அவர் கை. கி.ரா.வின் முதுமையைக் கொண்டாடும் கட்டுரைகளில் கணவதி அம்மாளின் முதுமைக்கு ஒரு பத்தி கிடைப்பது அரிது. அவருக்கும் அந்த ஆண்டுகளில் வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது.

1989ஆம் ஆண்டின் அந்த நியமனம் ஒருவரோடு நின்றுவிட்டது. படிப்பில்லாத முதியவர் ஒருவரின் அறிவைப் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்துப் பெறலாம் என்பதற்கு அது முன்னுதாரணம். சங்கரன்கோவில் வட்டாரத்துப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும், தார் சுற்றத் தெரிந்தவரை, ஔவை கதை சொல்லத் தெரிந்தவரை, எந்தக் கரிசலுக்கு எந்த மழையில் எந்த விதை என்று அறிந்தவரை வாரம் ஒரு மணி நேரம் மதிப்பூதியத்தோடு அழைத்து உட்காரவைக்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். கேட்கிறவர்கள் குறிப்பெடுத்துத் தேர்விலும் எழுத வேண்டும். உதவித்தொகைப் படிவம் இல்லாமையைக் கேட்கிறது. இந்த வகுப்பின் வருகைப் பதிவேடு உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்கும்.